வீட்டில் சுண்டெலிக் காலனி: ஜோடியா, நிரந்தரக் குடும்பமா, சுழற்சியா?

வீட்டில் சுண்டெலிக் காலனி தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ஓர் ஆணுக்கு எத்தனை பெண் விடலாம் என்பதைத்தான். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. மாதம் எத்தனை எலி தேவை? தேவைக்கு மேல் பிறப்பவை எங்கே போகும்? இந்த இரண்டுக்கும் விடை இருந்தால் முறையைத் தேர்ந்தெடுப்பது சுலபம். விடை தெரியாமல் தொடங்கிய காலனிகள் சில மாதங்களிலேயே நெரிசலும் நாற்றமுமாகி, கடைசியில் யார் தலையிலாவது கட்டப்படுகின்றன.

சுண்டெலியின் உடல் அப்படி அமைந்திருக்கிறது. பெண் 4, 5 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் 19 முதல் 21 நாள். ஓர் ஈத்துக்கு 6 முதல் 12 குட்டி சாதாரணம். ஈன்ற ஒரு நாளுக்குள் தாய் மறுபடியும் பருவத்துக்கு வந்துவிடும். ஆண் கூடவே இருந்தால், பிறந்த குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அடுத்த ஈத்தைச் சுமக்கும். குட்டிகள் 21 நாளில் பால்குடி மறக்கலாம். 5, 6 வாரத்தில் அவையே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிவிடும். அதனால் வீட்டுக் காலனியில் எலி போதவில்லை என்ற நிலை அபூர்வம், மிஞ்சிப்போவதுதான் வழக்கம். என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேண்டாம் என்றபோது நிறுத்த முடிகிற முறையைத்தான் வீட்டுக்கு எடுக்க வேண்டும். அதில் குட்டிகள் பாதியாகக் குறைந்தாலும் பரவாயில்லை.

வளர்க்கத்தான் வேண்டுமா?

வீட்டில் சுண்டெலி பெருக்குபவர்கள் மூன்று வகை. பாம்பு போன்ற பிராணிகளுக்கு உணவாக வளர்ப்பவர்கள், செல்லப்பிராணியாக வளர்ப்பவர்கள், நிறமும் உடல்வாகும் பார்த்துக் காட்சிக்காக வளர்ப்பவர்கள். மூவருக்கும் கணக்கு வேறு.

உணவுக்கு வளர்ப்பவர் கணக்கைப் பார்ப்போம். வளர்ந்த பாம்பு ஒன்று வாரத்துக்கு ஓர் எலி தின்கிறது என்று வையுங்கள். 8 குட்டி போட்ட ஒரே ஓர் ஈத்து அந்தப் பாம்புக்கு இரண்டு மாதம் வரும். அதாவது இரண்டு மாதத்துக்கு ஓர் ஈத்து போதும். இதற்காக ஒரு காலனியே வைத்துத் தினமும் தீவனம், தண்ணீர், வாரம் தவறாமல் கூண்டு கழுவல் என்று இறங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒன்றிரண்டு பாம்பு வைத்திருப்பவர்கள் உறைய வைத்த எலியை வாங்கிக்கொள்வதே நல்லது. ஐந்தாறு பாம்பைத் தாண்டும்போது, அல்லது உறைய வைத்த எலி ஒழுங்காகக் கிடைக்காதபோது, வளர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

அளவும் ஒரு பிரச்சினை. பிறந்த குட்டி 1 கிராமும் கொஞ்சமும்தான் இருக்கும். வளர்ந்த எலி 25, 30 கிராம். குட்டிப் பாம்புக்குப் பிங்கி எனப்படும், ரோமம் முளைக்காத பிறந்த குட்டிதான் வேண்டும், ஆனால் பிங்கி சில நாளில் பிங்கியாக இருக்காது. ஒரு வாரத்துக்குள் ரோமம் முளைக்கத் தொடங்கிவிடும். ஆகவே பிங்கி தேவைப்படுபவர் வாரா வாரம் ஓர் ஈத்து வரும்படி காலனியைப் பெரிதாக்க வேண்டும், அல்லது ஒரே ஈத்தை எடுத்து உறைபெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதுதான் நடைமுறைக்கு ஏற்றது. வீட்டில் காலனி வைத்தாலும் உறைபெட்டி தேவைப்படும் என்பதை முதலிலேயே மனதில் வையுங்கள்.

செல்லப்பிராணிக்கோ காட்சிக்கோ வளர்ப்பவர்களுக்குக் கேள்வி இன்னும் கடினமானது. பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு வீடு வேண்டும். பெண் குட்டிகளை யாராவது வாங்கிக்கொள்வார்கள், ஒன்றாகச் சேர்த்தே வளர்க்கலாம். ஆண் குட்டிகளைக் கேட்பவர் குறைவு. அவை ஒன்றோடொன்று சண்டை போடும், மூத்திர வாடையும் அதிகம். பிறப்பதில் பாதி ஆண் என்பதை நினைவில் வைத்து, அந்தப் பாதிக்கு இடம் தெரிந்த பிறகு முதல் ஜோடியைச் சேருங்கள்.

ஒரே ஜோடி

ஓர் ஆண், ஒரு பெண், ஒரே கூண்டு. எந்தக் குட்டிக்கு யார் அப்பா, யார் அம்மா என்ற சந்தேகமே வராது. நிறத்துக்காகவும் வம்சப் பதிவுக்காகவும் வளர்ப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான முறை இல்லை. ஆண் சுண்டெலி பெரும்பாலும் தன் குட்டிகளுக்குத் தீங்கு செய்வதில்லை, கூட்டில் படுத்துக் குட்டிகளுக்குச் சூடு கொடுப்பதையும் பார்க்கலாம்.

குறை என்னவென்றால், ஜோடியைப் பிரிக்காவிட்டால் பெண்ணுக்கு ஓய்வே கிடையாது. பால் கொடுக்கும்போது கரு பதிவது சில நாள் தள்ளிப்போகும் என்பதால் 25 நாளுக்கு ஓர் ஈத்து, சில சமயம் 28 நாளுக்கு ஓர் ஈத்து என்று வந்துகொண்டே இருக்கும். நாலைந்து ஈத்துக்குப் பிறகு பெண்ணின் முதுகெலும்பு கையில் தட்டுப்படும், குட்டிகளின் எண்ணிக்கையும் குறையும். அதுபோக, ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் ஆண் என்றால் வீட்டில் ஆண்கள் அதிகம், ஆண்கள் அதிகமென்றால் வாடையும் அதிகம். இரண்டு ஜோடிக்கு மேல் இந்த முறையில் வீட்டில் வைக்க நான் சொல்ல மாட்டேன்.

நிரந்தரக் குடும்பம்

ஓர் ஆணோடு இரண்டு பெண், அல்லது மூன்று நான்கு பெண், எப்போதும் ஒரே கூண்டில். ஆய்வுக்கூடங்களிலும் தீவனத்துக்காக வளர்க்கும் பண்ணைகளிலும் பரவலாக இருப்பது இதுதான். சிறிய இடத்தில் அதிகக் குட்டி வேண்டுமென்றால் இதற்கு இணையில்லை. அக்கா தங்கைகள் ஒரே கூட்டில் ஈன்று, யார் குட்டி என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் பால் கொடுக்கும். ஒரு தாய் தின்னப் போகும்போது இன்னொன்று குட்டிகள் மேல் படுத்திருக்கும். இரண்டு பெண்ணுள்ள நல்ல குடும்பம் ஒன்றிலிருந்து மாதம் 15 குட்டி வரை சாதாரணமாகக் கிடைக்கும்.

ஆனால் இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் ஈனும் வரைதான் இந்தக் கூட்டு அழகாக நடக்கும். ஒன்று இன்று ஈன்று, இன்னொன்று இரண்டு வாரம் கழித்து ஈன்றால் நிலைமை வேறு. கண் திறந்து ஓடியாடும் குட்டிகள், பிறந்த குட்டிகளை மிதிக்கும், பாலில் முந்திக்கொள்ளும். பெரிய குட்டிகள் இருக்கும் கூட்டில் பிறக்கும் புதுக் குட்டிகள் அதிகமாக இறப்பதை ஆய்வுகளிலும் கண்டிருக்கிறார்கள். காலையில் பார்த்தால் குட்டி குறைந்திருக்கும். உடனே தாய்தான் கொன்று தின்றுவிட்டது என்று அதை ஒதுக்கிவிடுபவர்கள் உண்டு. அவசரப்படாதீர்கள். தாய் பெரும்பாலும் ஏற்கெனவே இறந்துபோன குட்டியைத்தான் தின்கிறது. இறந்ததற்குக் காரணம் குளிரா, மிதியா, பால் போதாமையா, தண்ணீர்ப் புட்டி அடைத்துக்கொண்டதா என்று பாருங்கள்.

இந்த முறையில் இன்னொரு தொல்லை, நாள் தவறினால் மன்னிப்பே இல்லை. 4 வாரத்துக்குள் ஆண் பெண் குட்டிகளைப் பிரிக்காவிட்டால் அப்பாவுக்கும் மகள்களுக்கும், அண்ணன்களுக்கும் தங்கைகளுக்கும் அடுத்த ஈத்து உருவாகிவிடும். பயணம், உடம்பு சரியில்லை, வேலை நெருக்கடி என்று ஒரு வாரம் தவறிப்போவது வீட்டில் சகஜம். பண்ணையில் அதற்கென்று ஆள் இருக்கும். இதனால்தான் நிரந்தரக் குடும்பத்தை, மாதாமாதம் பத்துப் பதினைந்து எலிக்கு மேல் உறுதியாகத் தேவைப்படுபவர்களுக்கு மட்டும் சொல்வேன். அப்படித் தேவைப்பட்டாலும் இரண்டு பெண்ணோடு நிறுத்துங்கள். நான்கு பெண்ணை ஒரே கூண்டில் விட்டால் ஈத்துகள் கலந்து, வயது தெரியாத குட்டிக் குவியல்தான் மிஞ்சும்.

சுழற்சி முறை

பெண்கள் ஒரு கூண்டில் சேர்ந்து வாழும், ஆண் தனிக் கூண்டில். வேண்டியபோது இரண்டு வாரம் சேர்த்துவிட்டு மறுபடியும் பிரித்துவிடுவது. வீட்டுக்கு இதுதான் என் தேர்வு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டு வாரம் ஏன் என்றால், 4, 5 நாளுக்கு ஒரு பருவம் என்ற கணக்கில் அதற்குள் ஏறக்குறைய மூன்று பருவம் வந்துவிடும். அதற்குள் சினையாகாத பெண்ணிடம் ஏதோ குறை இருக்கிறது என்று கொள்ளலாம். பெண்கள் மட்டும் சேர்ந்து வாழும்போது அவற்றின் பருவச் சுழற்சி மந்தப்படும். ஆணின் மூத்திர வாடை பட்டதும் சுழற்சி மறுபடி தொடங்கி, பல பெண்கள் மூன்றாம் இரவில் ஒன்றாகப் பருவத்துக்கு வரும். வெஸ்லி விட்டன் 1956-இல் விவரித்த இந்த விளைவுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. நமக்கு இதில் நேரடியான பயன் உண்டு. சேர்ப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு, ஆணின் கூண்டிலிருந்து ஒரு கைப்பிடி அழுக்கு மரச்சீவலை எடுத்துப் பெண்களின் கூண்டில் போட்டு வையுங்கள். அப்புறம் சேர்த்தால் பெண்கள் ஒரே சமயத்தில் சினையாவதற்கு வாய்ப்பு அதிகம். ஒரே சமயத்தில் சினையானால் ஒரே சமயத்தில் ஈனும், குட்டிகள் எல்லாம் ஒரே வயது. நிரந்தரக் குடும்பத்தில் பார்த்த மிதிபடும் பிரச்சினை இங்கே பெரும்பாலும் எழாது.

சேர்க்கும்போது பெண்களை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோங்கள். ஆணைப் புது இடத்தில் விட்டால் அது முதலில் மூலைக்கு மூலை மூத்திரம் விட்டு அடையாளம் வைப்பதிலேயே நேரத்தைக் கழிக்கும். காலையில் பெண்ணின் பிறப்புறுப்பில் வெளிர்மஞ்சள் அடைப்பு ஒன்று தெரிந்தால் இரவு சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த நாளைக் குறித்துக்கொண்டால் 19 நாள் கழித்துக் கூண்டைத் தொந்தரவு செய்யாமல் விடலாம்.

ஆண்களை மாற்றும்போது கவனம் வேண்டும். புதிதாகச் சினையான பெண்ணுக்கு முன்பின் தெரியாத ஆணின் வாடை பட்டால், கரு பதியாமல் சினை கலைந்துவிடக்கூடும். ஹில்டா புரூஸ் 1959-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. ஒரு பெண் கூட்டத்துக்கு ஓர் ஆண் என்று வைத்துக்கொண்டு, சேர்க்கை முடிந்த முதல் வாரத்தில் வேறு ஆணின் அழுக்குத் தூளோ அந்த ஆண் இருந்த கழுவாத கூண்டோ அந்தப் பெண்களிடம் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இதன் விளைச்சல் குறைவுதான். சேர்க்கை இரண்டு வாரம், சினை மூன்று வாரம், பாலூட்டல் மூன்று நான்கு வாரம், ஓய்வு ஒரு வாரம் என்று பார்த்தால் ஒரு சுற்றுக்கு ஒன்பது பத்து வாரம் ஆகும். முதல் நாட்களிலேயே சினையானால் சுற்று கொஞ்சம் சுருங்கும். இரண்டு பெண்ணுக்கு ஒரு சுற்றில் 16 குட்டி என்றால் மாதம் 7 சொச்சம். நிரந்தரக் குடும்பம் தருவதில் பாதி. ஆனால் ஐந்தாறு பாம்பு வைத்திருப்பவருக்கு மாதம் இருபத்தைந்து எலி வேண்டும் என்றால்கூட, மும்மூன்று பெண்ணுள்ள இரண்டு கூட்டங்களை மாற்றி மாற்றிச் சேர்த்து, தேவைக்கேற்ப மூன்றாவது கூட்டத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே ஆண் போதும். இன்னோர் ஆணை மாற்றுக்கு வைத்திருந்தால் மொத்த வீட்டிலும் இரண்டே ஆண். வீட்டில் எலி வளர்ப்பதை நிறுத்த வைக்கும் முதல் காரணம் வாடைதான் என்பதால், இந்த ஒரு வசதிக்காகவே நான் இந்த முறையைத் தேர்ந்தெடுப்பேன். வேண்டாம் என்றால் ஆணைச் சேர்க்காமல் விட்டால் போதும், அவ்வளவுதான் வேலை.

தனியாக இருக்கும் ஆணைப் பற்றிச் சிலர் வருத்தப்படுவார்கள். கூடுகட்டப் போதுமான பொருளும் ஓடச் சக்கரமும் ஒளிய இடமும் இருந்தால் ஆண் சுண்டெலி தனியே நன்றாகவே வாழும். பெண்ணோடு சேர்ந்து வந்த ஆணை இன்னோர் ஆணோடு விடுவதுதான் கொடுமை. வாலிலும் முதுகிலும் கடித்துக் கிழித்துவிடும்.

முதல் எலிகள் எங்கிருந்து?

பலரும் செய்வது, ஒரே கடையில் ஒரே தொட்டியிலிருந்து ஓர் ஆணும் இரண்டு பெண்ணும் வாங்குவது. அவை பெரும்பாலும் ஒரே ஈத்தின் குட்டிகளாக இருக்கும். அண்ணன் தங்கை சேர்ந்து பிறக்கும் முதல் தலைமுறையிலேயே, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே மூதாதையின் மரபணு வந்து சேரும் வாய்ப்பு 25 சதவீதம் ஆகிவிடும். ஒரு தலைமுறை தாங்கும். தொடர்ந்து போனால் ஈத்தில் குட்டி குறையும், சினையாகாத பெண்கள் கூடும், நோய் தாங்கும் சக்தி குறையும். 20 தலைமுறை இப்படியே அண்ணன் தங்கையைச் சேர்த்துத் தாக்குப்பிடித்து மீண்ட வம்சங்களைத்தான் ஆய்வுக்கூடங்களில் தூய வம்சம் என்று வைத்திருக்கிறார்கள். அவை ஆய்வுக்கு ஒரே மாதிரி உடல் வேண்டும் என்பதற்காக. வீட்டில் உணவுக்கு வளர்ப்பவருக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை.

எதிர்ப்பக்கத்தில் சுவிஸ் எலிகளின் கதை இருக்கிறது. 1926-இல் கிளாரா லிஞ்ச் என்ற விஞ்ஞானி சுவிட்சர்லாந்திலிருந்து 2 ஆணும் 7 பெண்ணுமாக ஒன்பது வெள்ளைச் சுண்டெலிகளை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். இன்று உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இருக்கும் சுவிஸ் வெள்ளைச் சுண்டெலி வகைகள் பலவும் அந்த ஒன்பதின் வாரிசுகள். கலந்து பெருக்கியதால் அவற்றில் பல வகைகள் இன்றும் ஈத்துக்குப் பத்துக்கு மேல் குட்டி போடுகின்றன. வீட்டுக்கு ஒன்பது தேவையில்லை. ஓரிடத்திலிருந்து ஓர் ஆணும் வேறோரிடத்திலிருந்து மூன்று பெண்களும் என்று இரண்டு வம்சத்தில் தொடங்கினாலே முதல் ஈத்துகள் திடமாக இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஓர் ஆணைக் கொண்டுவந்தால் போதும்.

நிறத்துக்காக வளர்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவகை மஞ்சள் நிறத்துக்கான மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால் அந்தக் கரு கருப்பையிலேயே இறந்துவிடும். லூசியன் கேனோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, மஞ்சளோடு மஞ்சளைச் சேர்த்தால் அந்த மரபணு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்த எலி பிறப்பதே இல்லை என்று 1905-இல் எழுதினார். மஞ்சளும் மற்ற நிறமும் 3:1 வர வேண்டிய இடத்தில் 2:1தான் வரும். அந்த வகை மஞ்சள் இரண்டைச் சேர்த்தால் ஈத்து நான்கில் ஒரு பங்கு சிறுத்துப்போகும். மஞ்சளை வேறு நிறத்தோடு சேர்த்தால் இழப்பில்லாமலே பாதி மஞ்சள் கிடைக்கும்.

கடை எலியா, பொழுதுபோக்காக வளர்ப்பவரின் எலியா என்றால், இரண்டாவதைத்தான் சொல்வேன். பிறந்த தேதி தெரியும், தாய் எத்தனை குட்டி போட்டது, குணம் எப்படி என்று கேட்கலாம். கடையில் ஆணும் பெண்ணும் கலந்து இருந்திருந்தால் நீங்கள் வாங்கும் பெண் ஏற்கெனவே சினையாக இருக்கலாம். காட்சிக்கு வளர்க்கும் பெரிய உடல் எலிகள் பார்க்க அழகு. 1895-இல் இங்கிலாந்தில் தேசிய சுண்டெலிச் சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து தேர்ந்தெடுத்து வளர்த்த வம்சங்கள் அவை. ஆனால் உணவுக்காக வளர்ப்பவருக்கு அவை ஒத்துவராது, குட்டிகளும் குறைவு, வளர நாளும் ஆகும். எங்கிருந்து வாங்கினாலும் 6, 7 வார வயதில் வாங்கி, 8 முதல் 12 வாரத்துக்குள் முதல் சேர்க்கைக்கு விடுவது நல்லது.

வீட்டுக்குள் திரியும் காட்டுச் சுண்டெலியைப் பிடித்துக் கலக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். எல்.சி.எம்.வி என்ற வைரஸ் காட்டுச் சுண்டெலிகளில் இருக்கக்கூடியது. மனிதருக்கும் தொற்றும், கர்ப்பிணிகளின் கருவுக்குப் பெரிய ஆபத்து. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் காலனி தொடங்குவதையே தள்ளிப்போடுங்கள். புதிதாக வாங்கும் எந்த எலியையும் வேறு அறையில் மூன்று வாரம் தனியே வைத்து, தும்மல், மூச்சு இரைச்சல், அரிப்பு, கழிச்சல் பார்த்த பிறகுதான் மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

கூண்டு

இதில் நீண்ட விவாதம் தேவையில்லை. கண்ணாடித் தொட்டியில் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் கனம் அதிகம், காற்றோட்டம் இல்லை. மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா அடியில் தேங்கி எலிகளின் நுரையீரலைக் கெடுக்கும். கம்பிக் கூண்டில் காற்று வரும், கூடவே குளிரும் வரும். கம்பி இடைவெளி 6 மில்லிமீட்டர் இருந்தாலே குட்டிகள் நுழைந்து வெளியேறிவிடும். மூடியிலும் பக்கங்களிலும் நுண்கம்பி வலை பொருத்திய ஆழமான பிளாஸ்டிக் பெட்டிதான் இரண்டுக்கும் நடுவில் சரியானது. கழுவ எளிது, அடுக்கி வைக்கலாம். 40 சென்டிமீட்டர் நீளமும் 30 அகலமும் உள்ள பெட்டி ஓர் ஆண், இரண்டு பெண், அவற்றின் குட்டிகளுக்குக் குறைந்தபட்சம். இடம் இருந்தால் இதைவிடப் பெரிதாக வையுங்கள். வலை பொருத்திய இடத்தில் பிளாஸ்டிக் விளிம்பு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால், அந்த விளிம்பிலிருந்து கடிக்கத் தொடங்கி ஓரிரவில் துளை போட்டுவிடும்.

அடியில் விரிக்கத் தேவதாரு, பைன் சீவல்கள் வேண்டாம், அவற்றிலிருந்து வரும் ஆவி மூச்சுக்கும் ஈரலுக்கும் ஆகாது. ஆஸ்பென் மரச்சீவலோ காகிதத் துகளோ போதும். கூடுகட்ட மெல்லிய காகிதம் தாராளமாகக் கொடுங்கள். 8, 10 கிராம் கொடுத்தால் முழுதாகக் கூரை மூடிய உருண்டைக் கூடு கட்டும். அறை 20 முதல் 26 டிகிரி வரை இருப்பது வழக்கமான அளவு. கூடு நன்றாக இருந்தால் குளிர்ப்பக்கம் இருப்பதைப் பற்றிக் கவலை இல்லை. கடும் வெப்பம் நீடித்தால்தான் ஆண்களின் விந்து வளம் குறைந்து சினை பிடிக்காமல் போகும்.

தண்ணீர்ப் புட்டியின் மூக்கு சீவலைத் தொடாமல் இருக்க வேண்டும். தொட்டால் தண்ணீர் உறிஞ்சப்பட்டுக் கூண்டே நனைந்து, குட்டிகள் ஓர் இரவில் குளிரில் விறைத்துவிடும். தீவனம் என்று பார்த்தால், எலிகளுக்கென்று செய்த கட்டித் தீவனமும் வீட்டுத் தானியக் கலவையும்தான் தேர்வுகள். தானியத்தில் பிடித்ததை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டு மிச்சத்தை விட்டுவிடும். 18 சதவீதத்துக்கு மேல் புரதம் உள்ள கட்டித் தீவனம் அடிப்படையாக இருக்கட்டும், பாலூட்டும் தாய்க்கு மேலதிகமாகக் கொஞ்சம் முட்டையோ நாய்த்தீவனமோ கொடுக்கலாம். வளர்ந்த எலி நாளைக்கு 3 முதல் 5 கிராம் தின்னும். பெரிய ஈத்துக்குப் பால் கொடுக்கும் தாய் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு தின்னும்.

வாரம் ஒருமுறை சுத்தம் செய்யுங்கள், ஆனால் கூட்டை மட்டும் எடுத்துப் புதுச் சீவலில் அப்படியே வைத்துவிடுங்கள். கூட்டின் பழைய வாடை இருந்தால் சண்டை குறையும். ஈனும் நாளுக்கு முன்னும் பின்னும் சில நாள் தொடவே வேண்டாம்.

கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு சுத்தம் செய்யப் பழகுங்கள். சுண்டெலி ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் மூத்திரத்தில் வரும் ஒரு புரதம். ஆண்களின் மூத்திரத்தில் அது அதிகம். முதலில் ஒன்றும் செய்யாமல் இருந்து, பல மாதம் கழித்து மூக்கொழுகல், கண் அரிப்பு, இழுப்பு என்று தொடங்கலாம். வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால், படுக்கையறைக்கு அருகே கூண்டு வேண்டாம் என்பதைவிட, காலனியே வேண்டாம் என்று சொல்வேன்.

கொல்வதைப் பற்றி

உணவுக்காக வளர்க்கும் யாரும் இதைக் கடைசிக்குத் தள்ளக் கூடாது. எப்படிக் கொல்வது என்று தெரியாத நிலையில் முதல் ஜோடியைச் சேர்க்காதீர்கள். உயிரோடு உறைபெட்டியில் வைப்பது வதை. உயிரோடு பாம்புக்குப் போடுவதும் எலிக்கு வதை, எலி கடித்துப் பாம்புக்கும் காயம் வரும். வளர்ந்த எலிகளுக்குக் கார்பன்-டை-ஆக்சைடு பயன்படுத்துகிறார்கள். பெட்டியின் கொள்ளளவில் நிமிடத்துக்கு 30 முதல் 70 சதவீதம் என்ற அளவில் மெதுவாக ஏற்ற வேண்டும் என்கின்றன அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல்கள். வாயு நிரம்பிய பெட்டிக்குள் திடீரென்று போடக் கூடாது. பிறந்த குட்டிகள் ஆக்சிஜன் குறைவைத் தாங்கக்கூடியவை. சுமார் 10 நாள் வயது வரை இந்த வாயுவில் அவை இறக்க நெடுநேரம் ஆகும், அசையாமல் கிடப்பதைப் பார்த்து இறந்துவிட்டது என்று எடுத்தால் பிழைத்துக்கொள்ளும். பிங்கிக்காக வளர்க்கப்போகிறவர்கள் ஒரு கால்நடை மருத்துவரிடம் நேரில் கேட்டு, வேறு முறையைக் கற்றுக்கொண்ட பிறகுதான் தொடங்க வேண்டும். இதற்கு மனம் ஒப்பவில்லையென்றால் உறைய வைத்த எலியை வாங்குவதே மரியாதையான முடிவு.

முதல் சில மாதம்

சுழற்சி முறையில் தொடங்குகிறீர்கள் என்றால் மூன்று பெண், இரண்டு ஆண், நான்கு பெட்டி போதும். பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்குத் தனித்தனியே இரண்டு, பால்குடி மறந்த குட்டிகளுக்கு ஒன்று. முதல் ஈத்து பிரிக்கும்போது இன்னொரு பெட்டி தேவைப்படும்.

ஆண் பெண் பிரிப்பதற்கு மிக எளிதான சமயம் 9, 10 நாள் வயது. பெண் குட்டிகளின் வயிற்றில் முலைக்காம்புகள் சின்னப் புள்ளிகளாகத் தெரியும், ரோமம் அடர்ந்ததும் மறைந்துவிடும். அப்போதே எத்தனை ஆண், எத்தனை பெண் என்று எழுதிவைத்துக்கொண்டால், 21 நாளுக்கு மேல் பிரிக்கும்போது சரிபார்க்கலாம். அந்த வயதில் மூத்திரத் துளைக்கும் ஆசனவாய்க்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள், ஆணுக்குப் பெண்ணைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும். இரண்டு குட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். சேர்த்த நாள், ஈன்ற நாள், பிறந்தது எத்தனை, 21 நாளில் பிழைத்திருந்தது எத்தனை. அமெரிக்காவில் கிரான்பி என்ற ஊரில் ஏபி லாத்ராப் என்ற முன்னாள் பள்ளி ஆசிரியை, 1900-களின் தொடக்கத்தில் செல்லப்பிராணிக்காகச் சுண்டெலி வளர்த்து விற்றார். ஆய்வுக்கூடங்களும் அவரிடம் எலி வாங்கின. அவர் குறிப்பேடுகளை ஒழுங்காக வைத்திருந்ததால் எந்த எலி எந்த வம்சம் என்று தெரிந்தது. இன்று உலகில் அதிகம் பயன்படும் கறுப்பு ஆய்வெலியான சி57பிளாக் வம்சத்தை, அவருடைய 57-ஆம் எண் பெண் எலியிலிருந்துதான் கிளாரன்ஸ் லிட்டில் என்ற விஞ்ஞானி 1921-இல் உருவாக்கினார். நமக்கு அவ்வளவு லட்சியம் வேண்டாம். எந்தத் தாயின் குட்டிகள் தொடர்ந்து பிழைக்கின்றன என்று தெரிந்தால் அதன் மகள்களை அடுத்த தலைமுறைக்கு நிறுத்தலாம், அது போதும். கடிக்கும் எலியின் குட்டிகளை நிறுத்தாதீர்கள், எத்தனை குட்டி போட்டாலும் சரி.

சுழற்சி முறையில் நிறுத்திவைப்பது சுலபம் என்றேன், அதற்கு ஓர் எல்லை உண்டு. பெண்ணின் நல்ல காலம் 8 மாத வயதோடு ஏறக்குறைய முடிகிறது. ஆறு மாதம் வரை ஒருமுறையும் ஈனாத பெண் அதன்பிறகு சினையாவது கடினம். காலனியை ஓய்வில் வைக்க விரும்பினால், ஓய்வுக்கு முந்தின ஈத்திலிருந்து இரண்டு மூன்று பெண் குட்டிகளை நிறுத்திக்கொள்ளுங்கள். அவை 4 மாதம் ஆவதற்குள் ஒருமுறை சேர்த்துவிடுங்கள். அப்போதும் குட்டி வேண்டியதில்லை என்று தோன்றினால், அந்தப் பெண்களைக் கடைசிவரை வளர்த்துவிட்டுக் காலனியை முடித்துக்கொள்ளலாம். அவை ஒன்றரை இரண்டு வருடம் வாழும்.